கம்பளிக் கோட்டு எந்த வரியில் இருந்தது?

நான் பிரெஞ்சு தெரிந்தவன் போல நடித்தேன். அந்த நடிப்பினால் ஒரு குடும்பம் தன் கட்டுமரத்தை விற்றது.

சொல்லிவிட்டேன்! இந்த இரண்டு வாக்கியங்களையும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஐந்து வருஷமாகத் தவித்தேன். உன்னிடம்தான் வாய் வந்தது. நீ யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் வெட்கம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

நான் புதுச்சேரியில் மனு எழுதிப் பிழைப்பவன். பெரிய மார்க்கெட்டுக்கு அடுத்த தெருவில் மேசை போட்டிருக்கிறேன். "பிரெஞ்சு, இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் மனுக்கள் எழுதித் தரப்படும்" என்று தலைக்கு மேல் பலகை தொங்குகிறது. அதில் தமிழ் உண்மை. இங்கிலீஷ் பாதி உண்மை. பிரெஞ்சு...

"தெரியாதவன் எப்படி எழுதினாய்?" என்று நீ கேட்பாய். கேள், நியாயமான கேள்விதான்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் பதிகிற அதிகாரியிடம், பதினோரு வருஷம் நகல் எழுதினேன். அவர் எழுதியதைப் பார்த்து முத்து முத்தாக இன்னொரு காகிதத்தில் எழுதுவதுதான் என் உத்தியோகம். பொருள் தெரிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொடி மாறியது, துரை கப்பலேறினார். நான் பழைய நகல்களில் நான்கு கட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறப்புச் சான்று வேண்டுமா, அதற்கு ஒரு நகல். பென்ஷன் வேண்டுமா, அதற்கு ஒன்று. பெயரையும் தேதியையும் மாற்றுவேன், அவ்வளவுதான்! ஒருமுறை ஒரு பழைய சிப்பாயை விதவை என்று எழுதிவிட்டேன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அவருக்குப் பென்ஷன் வந்துவிட்டது, அதனால் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆக, எனக்குப் பிரெஞ்சு எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. உலகத்தில் இப்படி ஒரு பண்டிதனை நீ பார்த்திருக்கவே மாட்டாய்!

பிரெஞ்சுக்காரர் போன மூன்றாம் வருஷம், ஒரு காலை வேளையில் பாஞ்சாலை என் மேசைக்கு வந்தாள். வைத்திக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வந்து மார்க்கெட்டில் மீன் விற்பவள். கரையில் ஏலத்தில் எடுக்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்காமல் ஒரு மத்தியைக்கூடக் கூடையில் போட மாட்டாள். அவளை ஏமாற்றி ஒரு மீன் விற்றவன் அந்தக் கடற்கரையில் கிடையாது. பின்னால் அவள் புருஷன் கலியன், வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி கூச்சமாக நின்றான். கடலில் புலி, காகிதத்தைக் கண்டால் ஒதுங்கிப்போகிறவன்.

"மனுக்கார ஐயா, ரத்தினம் முசே இந்தக் காயிதத்தக் குடுத்தாரு. பிரான்சுல மர்சேய் பட்டணத்துல கப்பல் கம்பேனியாம், மீன் கெடங்குல வேலையாம். முன்னாடியே நானூறு ரூவா கட்டணுமாம். நெசந்தானான்னு நீங்க படிச்சிச் சொல்லிட்டா கட்டிப்புடுவோம்" என்றாள்.

ரத்தினத்தை எனக்குத் தெரியும். தெரியாதவர் யார்! வெள்ளை வெளேரென்று காற்சட்டை, தலையில் வெயில் தொப்பி, கையில் பிரம்பு. என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லாரும் பிரெஞ்சுத் துரைமாரை அழைப்பதுபோல 'முசே' போட்டுத்தான் பேசுவார்கள்.

காகிதத்தை வாங்கினேன். மேலே அச்சில் ஒரு கப்பல் படம். கீழே ஊதா நிற முத்திரை. நடுவில் பதினாறு வரி அச்சு. 'முசே' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காலியாக விட்டிருந்த இடத்தில் கலியன் பெயரை மையால் எழுதியிருந்தது. எனக்குப் புரிந்தது கலியன் பெயர் ஒன்றுதான்!

அப்போது "எனக்குப் படிக்க வராதம்மா" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல்... ஆனால் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பலகை தொங்கிக்கொண்டிருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நொத்தேர் துரை படிப்பது போலவே, பாதி மூக்காலும் பாதி தொண்டையாலும் பதினாறு வரியையும் உரக்கப் படித்தேன். தெருவே நின்று கேட்டது.

"வேலை உண்டுன்னுதான் போட்டிருக்கான்" என்றேன்.

கலியன் முதல்முறையாக வாய் திறந்தான். "அங்க குளுருமா ஐயா?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன செய்வேன்? அந்த முகத்தில் அவ்வளவு கவலை! "குளிரும்தான். அதுக்குத்தான் கம்பளிக் கோட்டு ஒண்ணு குடுக்கறதா போட்டிருக்கான்" என்றேன்.

இப்படித்தான் அந்தக் கோட்டு பிறந்தது. பிறகு வாய் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றேன். வாரம் இரண்டு நாள் கறிச்சோறு என்றேன். தனிக் கட்டில், மெத்தை, வருஷத்துக்கு ஒரு தரம் ஊருக்கு வர டிக்கெட்... பாஞ்சாலை வாயில் கை வைத்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல எனக்கே அந்த வேலைக்குப் போக வேண்டும்போல் இருந்தது!

மறுநாள் சாயங்காலம் ரத்தினம் என் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். அவரைத் தொப்பியில்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு ஒயின் புட்டியை மேசைமேல் வைத்தார்.

"ஐயா எல்லாத்தையும் படிச்சிட்டீங்களாம்" என்று மெல்ல ஆரம்பித்தார். "அந்தக் கம்பளிக் கோட்டு... அது எந்த வரியில இருக்குது?"

என் பிரெஞ்சைச் சோதிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் பொய் படித்தது தெரிந்துபோயிற்று, நாளைக்குத் தெருவில் சொல்லிச் சிரிப்பான், பலகையைக் கழற்ற வேண்டியதுதான்... ஆகவே முகத்தை இறுக்கிக்கொண்டு, "எனக்கு எல்லாம் புரிஞ்சுது. நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்லல" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவருக்கும் அதில் ஒரு எழுத்துப் புரியாது! எனக்குப் புரிந்துவிட்டது என்று அவர் பயந்து வந்தார். அவருக்குப் புரியும் என்று நான் பயந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு திருடர்கள் ஒருவரையொருவர் போலீஸ் என்று எண்ணிக் கும்பிட்டுக்கொண்ட கதை. ஆனால் உண்மையான கம்பெனி ஏஜெண்டு ஒரு மனு எழுதுபவனுக்கு எதற்காக ஒயின் புட்டி கொண்டுவர வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு அன்றே வந்தது. புட்டியைத் திறந்ததும் போய்விட்டது.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கொத்தனார், ஒருவர் சமையல்காரர். இருவர் கையிலும் காகிதம். அதே கப்பல், அதே ஊதா முத்திரை, அதே பதினாறு வரி! நகல் எழுதியே பதினோரு வருஷம் ஓட்டியவன் நான். பொருள் தெரியாவிட்டாலும் எழுத்தின் முகம் எனக்குத் தெரியாதா? மீன் கிடங்குக்கும், சுவர் கட்டுவதற்கும், சமையலுக்கும் ஒரே கடிதமா? பாஸ்போர்ட்டைப் பற்றி ரத்தினம் பேச்சே எடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள்தான் கேட்டோமா? அந்த நாளில் நாங்கள் பிரெஞ்சா இந்தியாவா, எந்தத் தேசத்தார் என்பதே எங்களுக்கு நிச்சயமில்லை!

மோசடி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன செய்தேன்? கொத்தனாருக்கு மாடி வீடு கட்டும் வேலை என்று படித்தேன். சமையல்காரருக்கு ஒரு உதவியாளும் உண்டு என்று படித்தேன்.

ஏனென்று கேட்கிறாயா? இதைப் பொய் என்றால் கலியனுக்குப் படித்தது என்ன என்று கேட்பார்களே! அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் உனக்குச் சொல்ல மாட்டேனா...

இரண்டு நாள் கழித்துப் பாஞ்சாலை மறுபடியும் வந்தாள். இடுப்பில் கூடையில்லை. கண் சிவந்திருந்தது.

"கட்டுமரத்தயும் வலையயும் கேட்டு அரியாங்குப்பத்து ஆளு வந்து குந்திருக்காரு. குடுத்துட்டா திரும்பி வராது. மனசு கேக்கல ஐயா. இன்னொருவாட்டி படிச்சிச் சொல்லுங்க, நீங்க சொன்னா குடுத்துட்றோம்."

இதோ, இதுதான் என் குற்றம். முதல் தடவை படித்ததை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள். இதை மன்னிக்காதே! எனக்கு உண்மை தெரியும். பணம் இன்னும் கைமாறவில்லை. கட்டுமரம் இன்னும் அவர்கள் மணலில்தான் கிடக்கிறது. மீனுக்குச் செவுள் பார்ப்பவள், காகிதத்துக்குச் செவுளாக என்னைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். படித்தேன். கோட்டுக்கு இந்தத் தடவை உள்பக்கம் இரண்டு பை வைத்தேன்.

குறித்த நாளில் பதினெட்டு பேர் தகரப் பெட்டியோடு கடற்கரையில் நின்றார்கள். புயலில் கடற்பாலம் உடைந்ததிலிருந்து கப்பல் தூரத்தில்தான் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். கலியன் கடலை ஒரே ஒரு பார்வை பார்த்தான்.

"கப்பலு இல்ல. பொகையும் இல்ல. இன்னிக்கு வராது" என்றான்.

"காயிதத்துல போட்டுருக்குதில்ல? ஐயா படிச்சாரில்ல? பேசாம நில்லு" என்றாள் பாஞ்சாலை.

அவனும் நின்றான். பிறந்ததிலிருந்து கடலைப் படித்தவன், நான் படித்ததை நம்பி, வராத கப்பலுக்காகப் பொழுது சாயும்வரை நின்றான்! ரத்தினம் அதற்கு முந்தின நாளே எல்லார் பணத்தோடும் கோரிமேட்டு எல்லையைத் தாண்டிப் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

உன்னிடம் எவனாவது கடல் தாண்டி வேலை என்று காகிதம் நீட்டினால் இதை நினைத்துக்கொள். வேலை கொடுக்கிறவன் கூலி கொடுப்பான். உன்னிடம் முதலில் கேட்க மாட்டான். கேட்டால் எழுந்து வந்துவிடு. கப்பல் போய்விடும் என்று அவசரப்படுத்தினால் போகட்டும் என்று விடு. பக்கத்து வீட்டுக்காரன் காகிதத்தை வாங்கி உன்னுடையதோடு சேர்த்து வைத்துப் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, உனக்குப் படித்துச் சொல்கிறவனிடம் விரலை வைத்துக் காட்டச் சொல். "எந்த வரியில்?" என்று பாஞ்சாலை ஒருமுறை கேட்டிருந்தால் நான் செத்தேன்; அவர்கள் பிழைத்தார்கள்!

அவள் கேட்கவில்லை. மறுநாள் வந்து எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆமாம், எனக்கு! "இம்மாம் படிச்ச உங்களயே ஏமாத்திட்டானே, பாவி" என்றாள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பிரெஞ்சு படித்தேன். பிரான்சுக்குக் குடிபோகும் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது ஒரு பழைய அகராதி கிடைத்தது. அந்தக் கடிதத்தைப் பழக்கதோஷத்தால் அன்றே நகல் எடுத்து வைத்திருந்தேன். சொல் சொல்லாகத் தேடினேன். பதினாறு வரிக்கு ஏழு மாதம் ஆயிற்று. சுருக்கமாக என்ன இருந்தது தெரியுமா?

'எங்கள் கம்பெனி மூடப்பட்டுவிட்டது என்பதை வருத்தத்துடன் அறிவிக்கிறோம். இன்று முதல் எங்கள் பெயரில் யாருக்கும் எந்தப் பணமும் கொடுக்க வேண்டாம்.'

யாரோ மூடிய கம்பெனியில் மிஞ்சிய அறிவிப்புக் கட்டைப் பழைய காகித விலைக்கு வாங்கி வந்திருக்கிறார் ரத்தினம்! பணம் கட்டாதே, கட்டாதே என்று காகிதம் கத்தியிருக்கிறது. அதைத்தான் நான் கம்பளிக் கோட்டு என்று படித்தேன்... இரண்டு தடவை!

சொல்ல முயலவில்லையா என்றால், முயன்றேன். வைத்திக்குப்பம் வரைக்கும் நடந்தேன். கலியன் வேறொருவர் கட்டுமரத்தில் கூலிக்குப் போய்த் திரும்பியிருந்தான். என்னைக் கண்டதும் துண்டால் தரையைத் தட்டி உட்காரச் சொன்னான். பாஞ்சாலை சுறாப்புட்டு வைத்தாள். வாய் நிறையப் புட்டோடு எதைச் சொல்வது? நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு கை வாங்கியும் தின்றேன், அதையும் மறைப்பானேன்.

போன வாரம் பாஞ்சாலை என் மேசைக்கு வந்தாள். முந்தானையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்தாள். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"அஞ்சு வருசமா யோசன பண்ணிட்டேன் ஐயா. ரத்தினம்தான் திருட்டுப் பய. அந்தக் கம்பேனி துரை இன்னா பண்ணாரு? எம்மாம் நல்ல மனசு இருந்தா கோட்டுக்கு உள்பக்கம் ரெண்டு பை வெக்கறதக்கூட எழுதுவாரு! நாமளே அவருக்கு நேரா ஒரு கடுதாசி போடுவோம். எம் புருசன் இருக்காரு, இன்னும் தெம்பாத்தான் இருக்காரு, அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடாதீங்கன்னு எழுதுங்க."

இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எழுதினேன். நகல் பார்க்காமல், என் சொந்த அறிவால், பிழையில்லாமல் நான் எழுதிய முதல் பிரெஞ்சுக் கடிதம் அது. இல்லாத கம்பெனியின் இல்லாத துரைக்கு!

காசு வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. "சும்மா எழுதுனா வேல நடக்காதுங்க. கைராசி உங்களுது, வாங்கிக்குங்க" என்று ஒரு கால் ரூபாயை மேசைமேல் வைத்து அழுத்தினாள். விரலில் செதில் ஒட்டியிருந்தது.

கடல் தாண்டி இல்லாத ஒரு வேலைக்காக அவளிடம் முன்பணம் வாங்கியவன் ரத்தினம் ஒருவன்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் பதில் வந்ததா என்று கேட்க வருவாள். வரவில்லை என்பேனா, வந்துவிட்டது என்று ஒரு காகிதத்தை எடுத்துப் படிப்பேனா... என்னை எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது!