ஏழு கிழமையும் ஒரே பாக்கெட்டில்

தார்ப்பாயை உதறி விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து முடித்ததும் குழந்தைவேல் நிமிர்ந்து, எதிரே போகிற யாரையாவது பார்த்துக் கேட்பார்: "ஏனுங்க, இன்னைக்கு என்ன கெழமைங்க?"

செவ்வாய்ச் சந்தையில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வி இது. வியாழச் சந்தையிலும் இதையேதான் கேட்பார். அப்பாவின் சைக்கிளில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து சந்தைக்கு வந்த வயதிலிருந்து சரவணக்குமார் இதைப் பார்த்து வருகிறான். அப்போது அவர் நைட்டி விற்றார். பிறகு துண்டு. கொரோனா சமயத்தில் முகக்கவசம். சரக்கு மாறியதே தவிரக் கேள்வி மாறவில்லை. "செவ்வாச் சந்தைல நின்னுக்கிட்டு என்ன கெழமைன்னு கேக்கறீங்களே, நேத்து அடிச்சது இன்னும் எறங்கலீங்களா?" என்று கேட்கப்பட்டவர் சிரிப்பார். அதற்குள் நின்றுவிட்டிருப்பார். நின்றவர் குனிவார், குனிந்தவர் எதையாவது தொடுவார், தொட்டதைக் குழந்தைவேல் மடித்துப் பையில் போட்டுவிடுவார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். நாற்பதைத் தாண்டிவிட்டார். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். அதை எடுத்து அவர் எதையும் அளந்து யாரும் பார்த்ததில்லை. தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளையை ஒரு பார்வை பார்த்து, "அம்பத்தஞ்சு சைஸ் போதுமுங்க அம்மிணி, பொடுசு அப்பன மாதிரி ஒல்லி" என்பார். கன்னத்தில் ஒரு துண்டு சித்தரத்தை அடங்கியிருக்கும். தொண்டைக்கு நல்லதாம். அந்தத் தொண்டை சந்தையின் அந்தக் கோடியில் தக்காளி விற்பவர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும். பக்கத்துக் கடைக்காரனான சரவணக்குமாருக்கு அது தினமும் காதில் விழுகிற அடி.

இருவரின் கடைக்கும் நடுவே ஒரு கயிறுதான் எல்லை. ஒரே குடோன் சரக்கு, ஒரே விலை. இப்போது இரண்டு கடையிலும் முன்வரிசையில் இருப்பது பிள்ளைகளுக்கான ஜட்டி. பாக்கெட்டுக்கு ஏழு, ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு கிழமையின் பெயர் இங்கிலீஷில் அச்சாகியிருக்கும். மண்டே நீலம், ட்யூஸ்டே சிவப்பு என்று வாரம் முழுக்க வண்ணம். சரக்கு வந்த புதிதில் அது இரண்டு கடையிலுமே நகரவில்லை. "என்னமோ எழுதியிருக்குது, சாயம் போகுமோ என்னமோ" என்று பெண்கள் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் டீ குடிக்கும்போது குழந்தைவேல் கேட்டார்: "தம்பி, நீ பி.ஏ. இங்கிலீசுதானே? இந்தப் பேரெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

சரவணக்குமார் வெண்ணந்தூர்க்காரன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா தனபாலுக்கு முழங்கால் போனபின் கடை அவன் கைக்கு வந்தது. படித்ததைப் பற்றி வீட்டில் அதுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வேலை கிடைத்ததா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அதனால் டீ ஆறிப்போகிற வரைக்கும் சொன்னான். ஞாயிறு, திங்கள், சனி மூன்றும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்: சூரியன், சந்திரன், சனி. நடுவில் இருக்கும் நான்கு நாளையும் ரோமானியர்கள் நம்மைப் போலவே செவ்வாய், புதன், வியாழன், வெள்ளிக்குரிய தெய்வங்களுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ரோமுக்கு வடக்கே இருந்த ஜனங்கள் அந்த நால்வரையும் எழுப்பிவிட்டுத் தங்கள் சொந்தச் சாமிகளை உட்கார வைத்துக்கொண்டார்கள். ட்யூஸ்டே டியூவின் நாள். வெட்னஸ்டே வோடனின் நாள். தர்ஸ்டே இடிக்கடவுள் தோருக்கு, ஃப்ரைடே வோடனின் மனைவி ஃப்ரிக்குக்கு. அந்தந்தச் சாமியின் கதையையும் சேர்த்தே சொன்னான். சனியை மட்டும் அவர்கள் தொடவில்லை.

"சனியனைத் தொட எவனுக்குத் தைரியம் வரும்? எந்தச் சீமைக்காரனா இருந்தா என்ன" என்றார் குழந்தைவேல். பிறகு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, "நீ கதையைக் குடுத்துட்ட. நான் தொண்டையைக் குடுக்கறேன் சாமி. கூவறது எப்படின்னு சொல்லித்தாரேன். உன் கடை எப்படி நிக்குதுன்னு அப்பப் பாரு" என்றார்.

அடுத்த சந்தையிலேயே கதை அவர் வாயில் கடையாகிவிட்டது.

"வாங்க வாங்க! செவ்வாய்க்கு ஒரு சாமி, கை போன சாமி! செந்நாய் வாய்க்குள்ள ஜாமீனாக் கைய வெச்சுச்சு, நாய் கவ்விக்கிச்சு. கையெழுத்துப் போட்டாலே நம்மூர்ல கை போயிருது, இவன் கையவே போட்டான்! புதனுக்கு ஓடன். கெணத்துத் தண்ணி ஒரு மடக்குக் குடிக்க ஒத்தக் கண்ணக் குடுத்தான். நம்ம பக்கம் போர் போட்டவங்களக் கேளுங்க, ரெண்டு கண்ணும் போயிருக்கும்! வியாழனுக்கு ஓடனோட மச்சான் தோரு. வண்டியில ரெண்டு கெடா பூட்டியிருப்பான். ராத்திரி அறுத்துத் தின்னுட்டு எலும்பத் தோல்ல போட்டு வெச்சா, காலையில கெடா எந்திரிச்சு நிக்கும். எந்தக் கெடாய்க்குங்க நம்மூர்ல அந்தக் குடுப்பினை? வெள்ளிக்கு ஓடன் சம்சாரம். நடக்கப்போறதெல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனா வாயத் தொறக்க மாட்டா. எங்கூட்டுல நேர்மாறுங்க!"

கடைசி வரிக்குப் பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். மறு வாரம் அதே பெண்கள் நாத்தனாரையும் அழைத்து வந்தார்கள். பிள்ளைகள் கிழமை தப்பாமல் போடவேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களாம். வெட்னஸ்டே கொடியிலிருந்து காற்றில் போய்விட்டதால் ஒரு பையன் புதன்கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டானாம். அதற்காகவே அந்த வீட்டில் இன்னொரு பாக்கெட்.

தோர் வோடனின் மகன், மச்சான் இல்லை. அது செந்நாய் இல்லை, ஓநாய் என்று சரவணக்குமார் ஒருமுறை திருத்திப் பார்த்தான். "சந்தையில மவனுக்கு என்ன மவுசு சாமி? மச்சான்னாத்தான் நின்னு கேப்பாங்க" என்றுவிட்டார்.

அன்றிலிருந்து சரவணக்குமாருக்குச் சந்தையென்றால் முதுகுகள்தான். தன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த கடையில் குனிந்திருக்கும் பெண்களின் முதுகுகள். காற்று அடித்தால் தன் தார்ப்பாய் மட்டும் தூக்குவதுபோல் இருந்தது. தன்னிடமிருந்து போன கதை அங்கே சிரிப்பாகத் திரும்பிவரும்போது, அவன் பாக்கெட்டுகளை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்குவான். சரியாகத் தெரிந்த தன்னிடம் ஏன் ஒருவரும் நிற்கவில்லை? தெரிந்துகொண்டது தப்பா, சரியாகத் தெரிந்துகொண்டது தப்பா? அதுபோக வீட்டில் அப்பா சொல்லிவிட்டார்: "தீவாளி நோம்பிக்குள்ள கடை நிக்கலைன்னா மாமன்கூட போர் போடற ரிக்கு வண்டிக்குப் போயிரு. சத்தீஸ்கர்ல ஆளு கேக்கறாங்க." நிலத்தைத் துளைக்கிற அந்த இரைச்சலில், சேறு தெறித்த உடம்போடு, மாமன் பேசுவதையே மறந்துபோன ஆளாக ஊருக்கு வந்துபோவதை அவன் பார்த்திருக்கிறான்.

தீபாவளி நெருங்கிய ஒரு செவ்வாய்ச் சந்தை. குழந்தைவேல் கடையில் கூட்டம் பிதுங்கி, ஒரு தாயும் மகளும் கயிற்றுக்கு இந்தப்புறம் தள்ளப்பட்டார்கள். சிறுமி சிவப்பை எடுத்துப் பார்த்தாள். சரவணக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பாப்பா, இது ட்யூஸ்டே. டியூன்னு ஒரு தெய்வம். ஒரு ஓநாயைக் கட்டறதுக்காக, நம்பிக்கைக்கு அடையாளமா அதோட வாய்க்குள்ள..."

"ஓநாய் இல்ல, செந்நாய்" என்றாள் சிறுமி.

"ஓநாய்தான் பாப்பா."

"செந்நாய்! ஜாமீன் போட்டதுக்குக் கடிச்சுச்சு. உங்களுக்குத் தெரியவே தெரியாது."

தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. கத அந்தண்ணன் சொல்றதுதாங்க சரி. உங்களது வேற என்னமோ, பாடம் நடத்தற மாதிரி" என்று சொல்லி, சிவப்பை இருந்த இடத்திலேயே ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, மகளைக் கயிற்றுக்கு அந்தப்புறம் தூக்கிவிட்டாள்.

அந்தப்புறத்தில் குழந்தைவேல் அந்தச் சிறுமியிடம் கேட்டது இவனுக்கும் கேட்டது: "அம்மிணி, இன்னைக்கு என்ன கெழம?"

மதியம் கூட்டம் வடிந்தது. சரவணக்குமார் கயிற்றைத் தாண்டிப் போனான். கூவச் சொல்லித்தரும்படி அவரிடம் பலமுறை கேட்டாயிற்று. ஒருமுறை "வாற சந்தைக்குச் சாமி" என்றார். ஒருமுறை மழை. ஒருமுறை "தொண்டை கட்டியிருக்குது, கட்டுன தொண்டையில கத்துக்கிட்டா உனக்கும் கட்டும்" என்று சிரித்தார். கொடுக்க அவருக்கு மனமில்லையா, அல்லது கொடுப்பதற்கு அதில் எதுவும் இல்லை என்பது அவருக்கே தெரியுமா என்று அவன் இரவெல்லாம் யோசித்ததுண்டு. இரண்டில் எது உண்மையானாலும் பொறாமை குறைவதாக இல்லை.

"ஏனுங்ணா, கூவறது சொல்லித்தாரேன்னீங்களே. நோம்பி வந்திருச்சு. இதுல கடை நிக்கலீன்னா ரிக்குக்கு ஏத்தி அனுப்பிருவாங்க."

குழந்தைவேல் அவனை ஏறிட்டுப் பார்த்தார். இதுவரை பார்க்காத மாதிரிப் பார்த்தார். ஜட்டி அளவுக்குப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கன்னத்திலிருந்த சித்தரத்தையைத் துப்பினார். கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சரக்கின்மேல் போட்டார். "சத்தீஸ்கரா? அட கெரகமே. உன்னையெல்லாம் அங்க அனுப்பலாமா?" என்று அவன் இரண்டு தோளையும் பிடித்துச் சந்தையைப் பார்க்கத் திருப்பினார். "நெஞ்ச நிமுத்து. அப்படித்தான். எதுக்க போறவங்கள வாங்க வந்தவங்கன்னு நெனைக்காத சாமி. மொதல்ல..."

"இந்த ஏழு நாள் பாக்கெட்டு இருக்குதுங்களா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

தோளிலிருந்த கைகள் விலகின. "இருக்குதுங்கக்கா! வாங்க, உக்காருங்க, எத்தன வயசுப் பொடுசு?" குழந்தைவேல் அந்தப் பக்கம் குனிந்துவிட்டார். ஒரு கை பாக்கெட்டைப் பிரித்து வாரத்தைத் தார்ப்பாயில் பரப்பிக்கொண்டிருந்தது. மற்றொரு கை மட்டும் சரவணக்குமாரின் பக்கம் நீண்டு, இரு, இதோ வந்துவிட்டேன் என்று ஒற்றை விரலை உயர்த்தியபடியே நின்றது.