நீலம் காட்டிய எண்ணெய்

இருதயமேரியின் கூந்தல் எண்ணெய் ஆறு மாதமானாலும் காறாது. தேங்காயெண்ணெயில் வேம்பாளம்பட்டையை ஊறப்போடுவாள். எண்ணெய் நன்றாகச் சிவந்ததும் வடிகட்டிப் பெரிய மார்க்கெட்டில் பூக்காரிகளுக்கு நடுவே விற்பாள். புருஷனை இழந்த பதினோரு வருஷமாக அந்த நாலடி இடம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அவள் எண்ணெய்ப் பாத்திரத்தைச் சீயக்காய் போட்டே தேய்ப்பாள். சலவைச் சோடா வாங்கிப் பழக்கமில்லை.

1937-இல் மருந்துக்கடை தனிஸ்லாஸ் அவளிடம் வந்தார். பாரிசில் ரசாயனம் படித்த மனுஷன்; ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையாக 'முசியே' என்றுதான் கூப்பிடும்.

"படிக்கு எவ்ளோ பட்டை போடற?"

"ஒரு கைப்பிடி முசியே."

அசடு, மறைக்கத் தெரியவில்லை. அவர் ஒரு தாளில் ஆறு மூலைக் கட்டம் இரண்டை ஒட்டி வரைந்தார். "பட்டைச் சிவப்போட உருவம் இது. காத்துதான் எண்ணெயக் கெடுக்குது. இந்தச் சிவப்பு முந்திக்கிட்டு காத்தோட அடியத் தானே வாங்கிக்குது. எண்ணெய் தப்பிச்சிடுது."

தன் பட்டைக்கு இத்தனை மரியாதையா என்று பூரித்துப்போய், ஒரு புட்டி சும்மாவே கொடுத்தனுப்பினாள்.

மறு மாதம் மார்க்கெட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. மேரி எண்ணெயில் துணி மில் சாயத்தைக் கலக்கிறாளாம். மார்க்கெட் மேஸ்திரி ராமலிங்கம் சோதித்துப் பார்க்கத் தனிஸ்லாசையே அழைத்து வந்தார். தெரிந்தவராயிற்றே, இனிக் கவலையில்லை என்று அவள் நிம்மதியானாள்.

தனிஸ்லாஸ் எண்ணெயில் சலவைச் சோடாத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினார். அடியில் தண்ணீர் நீலமாயிற்று. மில் துணிக்குப் போடும் அதே நீலம்.

"சத்தியமா பட்டைதாங்க. முசியே, நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "கண்ணு முன்னால நிக்கிதே, நான் என்னத்தச் சொல்ல."

பதினோரு வருஷம் அந்த எண்ணெயைத் தலையில் தேய்த்த பூக்காரிகளே அவள் பானைகளைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். அவள் இடத்தில் அன்று மாலையே ஒருத்தி வாழையிலைக் கட்டை இறக்கினாள்.

நாலு மாதம் அரைப் பட்டினி. பிறகு தனிஸ்லாஸ் மனமிரங்கி அவளுக்குப் புட்டி கழுவும் வேலை கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள், வாடிக்கைக்காரர் திருப்பிக் கொடுத்த புட்டிகளைச் சோடாத் தொட்டியில் போட்டாள். உள்ளே ஒட்டியிருந்த சிவப்பு கரைந்து தண்ணீர் முழுக்க நீலம் பரவியது. நிமிர்ந்து பார்த்தாள். அலமாரியில் பிரெஞ்சு லேபிள் ஒட்டிய சிவப்பு எண்ணெய்ப் புட்டிகள் வரிசையாக நின்றன.

"இது பட்டைதானே முசியே?"

"பட்டைதான். சோடா பட்டா நீலமாவும், அதோட குணம் அது."

"அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியாமலா படிச்சேன்? உள்ள நல்லா தேய், கறை நிக்கக் கூடாது."

அவளுக்கு அந்தத் தொட்டியை அவர் தலையில் கவிழ்க்கத் தோன்றியது. ஆனால் வீட்டில் அரிசி இல்லை. நீலத் தண்ணீருக்குள் கையை விட்டு அடுத்த புட்டியை எடுத்தாள்.