வட்டியில்லாத் தவணை மேசை

வீட்டுச் சாமான் கடையில் பொருளை விற்பது சுலபம். 'வட்டியில்லாத் தவணை' என்றால் என்னவென்று விளக்குவதற்குள்தான் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். துடியலூரில் ஒரு கடையில் கிரெடிட் கார்டு தவணை மேசை என்னுடையது. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். கட்டணங்களைச் சொன்னால் ஆள் எழுந்து போய்விடுவார். சொல்லாவிட்டால், கார்டு பில் வந்ததும் சண்டைக்கு வருவார். நான் சொல்லிவிடும் ரகம். அதனால் மேனேஜர், இந்த மாதமும் டார்கெட் முடியாவிட்டால் மேசை வேறு ஆளுக்கு, நான் குடோனுக்கு என்று சொல்லிவிட்டார்.

சோமனூர்க்காரர்

சொந்தமாக நூல் வாங்கித் தறி ஓட்டுகிறவர். பெரிய ஃபிரிட்ஜ் பார்த்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "வட்டி இல்லீன்னா பேங்க்குக்கு என்னங்க லாபம்?" என்றார். நல்ல கேள்வி. பேங்க் வட்டி போடத்தான் செய்யும், அந்த அளவுக்கு விலையில் முதலிலேயே கழித்துவிடுவோம் என்றேன். முகம் மலர்ந்தது. ஆனால் அந்த வட்டிக்கு உண்டான ஜிஎஸ்டியும் பேங்க்கின் பிராசஸிங் கட்டணமும் உங்களுடையது என்றதும் வாடிவிட்டது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். வாங்காமல் எழுந்து போகும்போது சோமனூர்க்காரர் கேட்டது:

"ஏனுங்க அம்மணி, இல்லாத வட்டிக்கு வரி மட்டும் இருக்குதுங்களா?"

ஓடிபி வந்த பஸ்

வாஷிங் மெஷின் வாங்க வந்த ஒரு அக்கா, தம்பியின் கார்டைக் கொண்டுவந்திருந்தார். ஓடிபி தம்பியின் போனுக்குத்தான் போகும். தம்பியோ வால்பாறை பஸ்ஸில் கண்டக்டர். ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் போய்ப் போய் வந்தது. இரண்டு ஓடிபி காலாவதியான பிறகு, சிக்னல் கிடைத்த இடத்தில் பஸ்ஸையே ஓரங்கட்டிவிட்டார்கள். தம்பி கத்திப் படித்தார், நான் தட்டினேன், பணம் ஏறியது. போனில் டிரைவரின் குரல் கேட்டது:

"ஏனுங்க, மிசின் வாங்கியாச்சுங்களா? வண்டிய எடுக்கலாமுங்களா?"

மாப்பிள்ளையின் டி.வி.

டி.வி. வாங்க வந்த புது மாப்பிள்ளையிடம், முழு விலையும் கார்டு லிமிட்டில் பிடித்து வைக்கப்படும், தவணை கட்டக் கட்டத்தான் விடுபடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் கண் டி.வி.யிலேயே இருந்தது. அன்று மாலையே மாமியார் வீட்டாரை ஓட்டலுக்கு அழைத்துப் போய்க் கார்டை நீட்டினார். லிமிட் இல்லை. பில் கட்டியது மாமியார். மறுநாள் என்னிடம் வந்து புலம்பினார்:

"டி.வி. பளிச்சுனு தெரியுதுங்க. மாமியார் மூஞ்சியத்தான் பாக்க முடியலீங்க."

மாதக் கடைசி

டார்கெட்டுக்கு ஒரே ஒரு தவணை குறைந்தது. குடோன் சாவியை மேனேஜர் மேசைமேல் வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது சோமனூர்க்காரர் மனைவியோடு உள்ளே வந்தார். கையில் இருக்கும் ரொக்கத்துக்கு நூல் வாங்கிப்போட்டால் வரும் லாபத்துக்கு முன்னால் அந்தக் கட்டணமெல்லாம் பெரிதில்லை என்று அந்த அம்மா கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஃபிரிட்ஜ் தவணையில்தான். "வேற கடையில கேக்கலீங்களா?" என்றார் மேனேஜர்.

"கேட்டமுங்க. ஒரு பைசா சேராதுன்னாங்க. அங்க வாங்குனா பில்லு வந்தப்புறம் சண்டை போடோணும். இந்த அம்மணிகிட்ட முன்னாடியே போட்டு முடிச்சுப்போட்டனுங்க."

அன்று முதல் எங்கள் கடையில் தவணைக்கு முன்பணம் வேண்டாம், சண்டையை மட்டும் முன்கூட்டியே கட்டிவிட்டால் போதும்.