தகரச் சத்தம் நின்றபோது

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பரா அறைத் தாத்தா காதை மூடிய கம்பளித் தொப்பியோடு போஞ்சி அவரைப் பாத்தியில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தகரம் தட்டுவார். தட்டாவிட்டால் கொண்டைக்குருவிகள் பூவையும் பிஞ்சையும் தின்றுவிடும். அந்தப் பாத்தியை நம்பித்தான் அவர் இருந்தார்.

என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. லயத்துக்குப் பின்னால் குருவிகளின் கூச்சல்தான் கேட்டது.

"தட்டுங்க தாத்தா, அவ முழிச்சா நான் பாத்துக்கிறேன்," என்றேன். உண்மையிலேயே தட்டிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"காச்சக்காரப் புள்ளய எழுப்பிட்டு நான் போஞ்சிக் கறி திங்கணுமாக்கும்? உள்ள போங்கம்மா."

காய்ச்சல் விட்டதும் சொல்ல ஓடினேன். அவர் பூவும் பிஞ்சும் இல்லாத கொடிக்கு ஊன்றியிருந்த கம்புகளைப் பிடுங்கி, அடுப்புக்காக முறித்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு எப்புடி?" என்றார்.

"நல்லாயிருக்கா தாத்தா," என்று சொல்லிவிட்டு, அவர் முறித்துப் போட்ட கம்புகளைப் பொறுக்கி அடுக்கினேன்.