தோள் உயராத பந்துவீச்சாளர்

ஜேர்மனியின் ஹம் நகரிலிருந்து குகதாசன் அண்ணையின் மகள் அழைத்தபோது, நான் எசன் நகரில் பல் வைத்தியரிடம் டெர்மின் எடுத்து, என் முறைக்காகக் காத்திருந்தேன். “மாமா, அப்பா இண்டைக்குக் காலமை போயிட்டார்,” என்றாள். அண்ணை இல்லை என்பது உறைக்கும் முன்னரே வேறொரு நினைப்பு வந்தது: இனி எல்லோரும் அவருடைய பந்துவீச்சைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள்.

எங்கள் இருவரையும் இங்கே ஜேர்மனியில் அறிந்த உங்களிடம் இந்தப் பொறாமையை மறைக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரி அணியில் வேகப்பந்து வீசினோம். அவர் என்னைவிட ஒரு வகுப்பு மேல். புதுப்பந்து எப்போதும் அவருக்கு, எதிர்க்காற்று எனக்கு. என் பந்தில் ஓட்டம் எடுக்க முடியாமல் தவித்தவர்கள், அவருடைய பந்தை விளாசப் போய் ஆட்டமிழப்பார்கள். பத்திரிகையில் அவருடைய பெயர் வரும்.

போர் வந்து மைதானத்தில் இராணுவ முகாம் எழுந்ததும் என் விளையாட்டு முடிந்தது. அவரையோ கொழும்புக் கழகம் ஒன்று சம்பளம் பேசி எடுத்தது. நாங்கள் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவர் புல்தரையில் ஓடிவந்து பந்துவீசிக்கொண்டிருந்தார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி இயக்கிய வானொலியில் அவருடைய விக்கெட்டுகளைக் கேட்டேன். டைனமோவைச் சுற்றியதும் நான்தான்.

ஒரு போட்டி நாளன்று, சோதனைச் சாவடியில் அவரைப் பிடித்துவிட்டார்கள். சிங்களவரான அணித்தலைவர் வெள்ளை உடுப்போடே பொலிஸ் நிலையத்துக்குப் போய், “இவர் வராமல் நான் மைதானத்துக்குப் போகமாட்டேன்,” என்று அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாராம். மதியம் விட்டார்கள். அன்று மாலை அண்ணை எதிரணியைச் சுருட்டினார். “பயத்தில போட்டனான், அதுதான் வேகமாப் போச்சு,” என்று அண்ணை சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. யாழ்ப்பாணத்தில் இராணுவம் என்னைப் பிடித்தபோது அம்மாவைத் தவிர முகாம் வாசலில் ஒருவரும் நிற்கவில்லை.

அண்ணையை அடுத்த முறை பிடித்தபோது அந்த அணித்தலைவர் நாட்டில் இல்லை. மாதக்கணக்கில் உள்ளே இருந்து வெளியே வந்தவருக்கு வலது தோள் உயரவில்லை. என்ன நடந்ததென்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு ஜேர்மனி, ஹம்மில் குழாய்த் தொழிற்சாலை வேலை. நானும் எசனுக்கு வந்து சேர்ந்தேன்.

எசனில் நடந்த மூத்தோர் போட்டியில் ஒருவழியாகப் புதுப்பந்து என் கைக்கு வந்தது. முதல் பந்துகளே எல்லைக்குப் பறந்தன. சிலிப்பில் நின்ற அண்ணை மெதுவாக நடந்து வந்தார். “அவசரப்படாதை. இன்னும் கொஞ்சம் முன்னுக்கு, அடிக்கிறவருக்குக் கிட்டப் போடு. அவருக்குக் கால் நகராது.” அப்படியே போட்டேன், நடு ஸ்டம்ப் சாய்ந்தது. எல்லோரும் என்னைத் தாண்டி ஓடிப்போய் அவருடைய முதுகில் தட்டினார்கள்.

செத்தவீட்டில் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அப்பா எப்பவும் சொல்லுவார், அணியில உண்மையான வேகம் நீங்கள்தானாம். தான் பேரை மட்டும் வாங்கின ஆளாம்.”

“எப்பவுமோ?”

“ஓம் மாமா. கேட்டுக் கேட்டு எங்களுக்கே அலுத்துப் போச்சு.”

வாழ்நாள் முழுவதும் நான் கேட்க விரும்பியதை, என்னைத் தவிர எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தேன். இப்படி ஒரு தரமாவது அவரைப் பற்றி நான் என் வீட்டில் பேசியதில்லை. பொறாமை இல்லாமல் வாழ அவரால் முடிந்திருக்கிறது. இப்போது அதற்காகவும் அவர்மீது எனக்குப் பொறாமை. அவர் நினைவாக என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். அதை விட்டுவிட மனமில்லை.