வேகாத மட்டி

கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தொட்டிக்காரர் என்றால்தான் தெரியும். நட்சத்திர மீன்கள் இருந்த தொட்டிகளைக் கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, இவ்வளவுதான் வேலை. அதற்கு அவர் பண்ணிய அலட்டல் இருக்கிறதே, அப்பப்பா! ஏதோ ராஜகுமாரிகளை வளர்க்கிற மாதிரி. ஒரு நட்சத்திர மீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்க மாட்டார். "அதுவா வரட்டும், இழுத்தா பிஞ்சிடும்" என்று துடைக்கிற துணியோடு காத்துக்கொண்டு நிற்பார்.

முதலில் அவற்றுக்கு, வேகவைத்துப் பனிக்கட்டியில் போட்ட மட்டிச் சிப்பியின் சதைதான் தீனி. பெட்டி பெட்டியாக வரும். தொட்டிக்காரருக்கு அது பொறுக்கவில்லை. நேரே மேலாளரின் அறைக்கே போய் நின்றுவிட்டார்.

"ஐயா, கடல்ல இருக்கிற ஜீவன் எங்கயாவது வெந்ததைத் திங்குமா? உயிரோட மட்டி வாங்கிப் போடுங்க. ஓட்டைப் பிரிச்சுத் திங்கட்டும்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

மனுஷன் விட்டால்தானே! போகும்போதும் வரும்போதும் அதே பாட்டு. தொல்லை தாங்காமல் மேலாளர் ஒருநாள் தலையாட்டி வைத்தார். உயிர் மட்டி வந்து இறங்கிய அன்று தொட்டிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நட்சத்திர மீன் மட்டியைக் கட்டிப்பிடித்து ஓட்டை மெல்ல மெல்லப் பிளந்த அழகை, வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடித்தே காட்டினார்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு நோய் வந்தது. முதலில் கைகள் முறுக்கிக்கொண்டன. உடம்பெல்லாம் வெள்ளைப் புண். அப்புறம் கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. விழுந்த கை தன் பாட்டுக்குத் தொட்டியின் தரையில் ஊர்ந்து போனது. அதைப் பார்த்த தொட்டிக்காரர் அன்று மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. ஒரு தொட்டி மிச்சமில்லாமல் எல்லாம் கூழாகக் கரைந்தன.

பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. "தொட்டிக்காரர் ஒழுங்கா தண்ணி மாத்தல. தண்ணி நாறுச்சுன்னு நாலு பேர் சொல்றாங்க" என்றார் மேலாளர். அந்த நாலு பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. வேலை போயிற்று.

மனைவியின் அண்ணன் பெயின்ட் கடை வைத்திருந்தார். தொட்டிக்காரர் அங்கே போய் உட்கார்ந்தார். அண்ணன் கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. கடை நிறைய ஆள் இருக்கும்போது, "மாப்பிள்ளை, அந்த டப்பாவைத் தொடாதீங்க. நீங்க கை வெச்சா வானத்து நட்சத்திரமே உதிர்ந்துடும்!" என்பார். கடையே சிரிக்கும். தொட்டிக்காரரும் அசடு வழியச் சிரித்து வைப்பார். ஒருநாள் சாப்பாடு கொண்டு வந்த மனைவியின் காதில் இது விழுந்துவிட்டது. கேரியரை மேசைமேல் நங்கென்று வைத்தாள்.

"ஏண்ணா, இவர் சோம்பேறித்தனமா இருந்து அதுங்களைச் சாகடிச்சார்னு நீயும் நம்புறியா?"

"ஊரே சொல்லுது. நான் சொன்னா மட்டும் குத்துதோ?"

"இவரால ஒரு உசுரும் போகல. அதை நீ ஒத்துக்கிற வரைக்கும் எனக்கு அண்ணனே இல்ல."

சொன்னால் சொன்னதுதான். புருஷனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மா செத்த வீட்டில்கூட அண்ணனும் தங்கையும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தொட்டிக்காரர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலுக்குப் போனார். தன் பேரைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. தன்னை நம்பிக் கூடப்பிறந்தவனையே உதறிவிட்டாளே, அவள் சொன்னது சரி என்று யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்றுதான் ஏங்கினார்.

பல வருஷம் கழித்து ஒருத்தி வந்தாள். அந்த நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

"ஐயா, காரணம் கிடைச்சிடுச்சு. தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ஒரு கிருமி."

அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. சத்தமா சொல்லுங்க!"

அவளும் சொன்னாள். இத்தனை காலமும் எல்லாரும் தோலையும் சதையையுமே வெட்டி வெட்டிப் பார்த்தார்களாம். உடம்புக்குள் இருந்த நீரை ஒருத்தரும் சீந்தவில்லை. நோய் கண்ட மீனின் நீரை நல்ல மீனின் உடம்பில் ஊசியால் ஏற்றிப் பார்த்தால் அதுவும் கரைந்தது. அதே நீரைச் சூடாக்கி ஏற்றினால் ஒன்றுமே ஆகவில்லை.

"சூடு பட்டா அந்தக் கிருமி செத்துடுது" என்றாள்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனாள். தொட்டிக்காரருக்குச் சுருக்கென்றது. அத்தோடு விட்டிருக்கலாம். வாய் கேட்டால்தானே!

"நம்ம தொட்டிக்குள்ள அது எப்படிம்மா வந்துச்சு?"

"தீனியிலதான் ஐயா. மட்டிக்குள்ள இருந்திருக்கு, மட்டியை அது ஒண்ணும் பண்ணாது. மத்த கூடங்கள்ல வேகவெச்சுப் போட்டாங்க, அங்க ஒண்ணுகூடச் சாகல. இங்க மட்டும் யாரோ உயிரோட போடச் சொல்லியிருக்காங்க. மேலாளராத்தான் இருக்கணும். கேக்கலாம்னா அவரும் போய்ச் சேர்ந்துட்டார். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது.

"இல்லம்மா" என்றார். "நமக்கு என்ன தெரியும், கொடுக்கிறதைப் போடுவோம்."

வந்தவள் டீயைக் குடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லம்மா. எங்க வேணா வந்து சொல்றேன்" என்று மனைவியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி வாசலிலேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். அழுகையும் அதட்டலுமாக எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பிறகு போனைக் கொண்டு வந்து அவர் காதில் வைத்தாள்.

"அண்ணன் பேசணுமாம். பேசுங்க."

"மாப்பிள்ளை, வாய் இருக்குன்னு என்னென்னவோ பேசிட்டேன். எங்கம்மா போன அன்னிக்குக்கூட என் தங்கச்சி என் முகத்தைப் பார்க்கல. எல்லாம் என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

பரவாயில்லை மச்சான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆமா, உங்க தப்புதான்!" என்று கத்தினார். "எல்லாம் நீங்கதான் பண்ணீங்க. நீங்கதான்!"

மறுமுனையில் அந்தப் பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். "நல்லாக் கேளுங்க" என்று மனைவி தொட்டிக்காரரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர் இன்னும் கத்திக்கொண்டே இருந்தார்.