அருளப்பு வளைவு

கண்டக்குழியில் படகோட்டி அருளப்புவைக் குறைசொல்ல ஆளில்லை. பந்தடி பழக்குகிற அருளப்புவைப் புகழ அவர் ஒருவரே போதும்.

விடியற்புறம் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுட்டுவிரலை வாயில் வைத்து நனைத்து மேலே நீட்டுவார். காற்று எந்தப் பக்கம், பொழுது ஏற ஏற என்ன செய்யும் என்று அந்த விரல் சொல்லிவிடும். சொன்னது ஒருநாளும் பிழையானதில்லை. பின்னேரம் அதே மனிதர் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கடலோரத் திடலில் ஊர்ப் பையன்களுக்கு உதைபந்தாட்டம் பழக்குவார். விசில் கழுத்தில் ஏறிவிட்டால் விரலுக்கு ஓய்வு.

அவருடைய பெருமை முழுக்க பிரீ கிக்கில் இருந்தது. தெற்குக் கோல் வாயில் கருவாடு காயும், அதனால் பழக்கமெல்லாம் வடக்குக் கோலுக்குத்தான்.

"கோலைப் பாக்காதை. இடப்பக்கக் கம்பத்துக்கு வெளியால ஒரு பாகம், ரெண்டு கையும் விரிச்ச அகலம், தள்ளி அடி. மிச்சத்தைப் பந்து பாத்துக்கொள்ளும்" என்பார்.

பந்தும் பார்த்துக்கொண்டது. கடல் பக்கமாக வெளியே போகிற மாதிரிப் போய், தடுப்பாக நிற்கிறவர்களைச் சுற்றி, ஊர்ப்பக்கம் திரும்பி வலைக்குள் விழுந்தது. கடலிலிருந்து வீசுகிற கச்சான் காற்று தென்னை மரங்களையே ஊர்ப்பக்கம் சாய்த்து வைத்திருக்கிற இடத்தில் ஒரு பந்து எம்மாத்திரம் என்று அவர் யோசிக்கவில்லை. "அருளப்பு வளைவு" என்று அதற்குப் பெயர் வைத்தார். வெளியூர்ப் பையன்கள் நேராகக் குறிபார்த்து அடித்த பந்துகள் தென்னந்தோட்டத்துக்குள் போய் விழுந்தபோது, "பாவங்கள், பழக்க ஆளில்லை" என்று இரக்கப்பட்டார்.

அந்த வளைவை நன்றாகப் பிடித்துக்கொண்டவன் பக்கத்து வீட்டு மாக்கிறட்டின் மகன் நிலுக்சன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. பழக்குகிறவருக்கு அதைவிட ஆபத்து வேறில்லை.

சொந்தத் திடலில் வந்தவர்களையெல்லாம் வென்று இறுதியாட்டத்துக்குப் போனார்கள். ஒக்டோபர் கடைசியில், தில்லையடிப் பக்கத்து மைதானம் ஒன்றில் ஆட்டம். மாவட்ட இளையோர் அணிக்குப் பயிற்றுநர் தேடுகிறார்கள், அதற்காக உதைபந்தாட்டச் சங்கத் தலைவரே பார்க்க வருகிறார் என்று கதை வந்தது. பதவி தனக்குத்தான் என்று முடிவுகட்டிய அருளப்பு ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கினார்.

"வெண்ட பிறகு வாங்கியிருக்கலாமே" என்றாள் மனைவி யூஜினி. அது அவர் காதில் ஏறவில்லை.

ஆட்டத்தன்று விடியற்புறமும் கரைக்குப் போய் விரலை நனைத்து நீட்டினார்.

"கச்சான் செத்துப்போச்சு. இண்டைக்கு இலைகூட அசையாது. நம்பிக் கடலுக்குப் போங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மீன் வாங்க நின்ற மாக்கிறட்டும் கேட்டாள்.

பின்னேரம் இலை அசையவில்லை. முனாஸ் பழக்கிய தில்லையடிப் பையன்கள் ஒரு கோலால் முன்னால் நின்றார்கள். முடியப்போகிற நேரத்தில் கண்டக்குழிக்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. அருளப்பு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நிலுக்சன் இடப்பக்கக் கம்பத்துக்கு வெளியே, விருந்தினர் கூடாரத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"சேர், அங்க தலைவர் இருக்கிறார்!"

"பந்து வளையும்டா! அடி!"

அடித்தான். அத்தனை நேரான உதையை அந்த மைதானம் கண்டிருக்காது. பந்து கூடாரத்துக்குள் புகுந்து, தலைவரின் பிளேன்டீயை அவருடைய வெள்ளைச் சட்டையில் ஊற்றிவிட்டுத்தான் நின்றது. கோல் கீப்பர் அசையக்கூட இல்லை, சிரித்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் அருளப்பு நிலுக்சன்மேல் பாய்ந்தார்.

"என்ர வளைவை நாசமாக்கிப்போட்டாய்! இனித் திடல்பக்கம் தலை காட்டாதை!"

"நீங்க சொன்ன இடத்துக்குத்தானே அடிச்சன், சேர்" என்றான் அவன். கண் நிறைந்துவிட்டது.

மாக்கிறட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அருளப்பு அண்ணே, இண்டைக்கு இலைகூட அசையாது எண்டு விடிய விரலை நீட்டிச் சொன்னது ஆர்? பின்னேரம் அந்த விரலை எங்க வச்சனீங்கள்?"

ஊரிலிருந்து ஆட்டம் பார்க்க வந்து சுற்றி நின்ற மீன்பிடிக்காரர் எல்லாரும் மேலே மரத்தைப் பார்த்தார்கள். பிறகு அருளப்புவைப் பார்த்தார்கள். சிரிப்பை முதலில் தொடக்கியது முனாஸ்தான் என்று அருளப்பு இன்றைக்கும் சொல்வார். உண்மையில் தொடக்கியது யூஜினி.

மறுநாள் பின்னேரம் தனியே திடலுக்குப் போய், கம்பத்துக்கு வெளியே குறிபார்த்து உதைத்தார். நேராகப் போனது. இடக்காலால் உதைத்தார், வெறுங்காலால் உதைத்தார், நேராகவே போனது. ஒரு பருவம் முழுக்கக் காற்று அடித்த கோல்களையெல்லாம் தன் கணக்கில் எழுதிவிட்டு, காற்று நின்றதற்கு ஒரு பிள்ளையை விரட்டியிருக்கிறோம் என்று விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கருவாடு கிளறிக்கொண்டு நின்ற பெண்களை ஏறிட்டும் பாராமல் மாக்கிறட் வீட்டுக்கு நடந்தார்.

"நாளைக்கு வாடா" என்றார் வாசல் படலையில் நின்று.

நிலுக்சன் யோசித்தான். "சேர், காத்தில்லாட்டி எப்பிடி வளைக்கிறது?"

அருளப்பு தொப்பியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாதுடா. சேந்து பழகுவம்."

அவர் வாயால் "தெரியாது" என்று கேட்டது மாக்கிறட்டுக்கு அதுதான் முதல்தரம். உள்ளே கூப்பிட்டு உட்கார ஒரு கதிரை போட்டாள்.

மாவட்டப் பதவி முனாசுக்குப் போனது. அருளப்பு இப்போது பழக்கம் தொடங்குமுன் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, எல்லாரையும் விரலை நனைத்து மேலே நீட்டச் சொல்கிறார். அதற்கு "அருளப்பு விரல்" என்று பெயர் வைக்கப்போவதாக யூஜினியிடம் சொல்லியிருக்கிறாராம்.